பூனைக்குப் பழம் கொடுப்போர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடைக்காலத்தில் வீட்டு விலங்குகளைப் பேணுவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வெயிலில் வாடும் வாயில்லாச் சீவன்களுக்காக ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியமைக்கு என் நன்றி. ஆனால், அந்தப் பக்கத்தின் மூலையில் கட்டம் கட்டி அச்சிட்டிருந்த பழப் பட்டியலில், நாய்க்கும் பூனைக்கும் பொதுவாகக் கொடுக்கலாம் என்று தர்பூசணி, மாம்பழம், வாழைப்பழம் ஆகியவற்றோடு திராட்சையையும் ஆரஞ்சையும் சேர்த்திருந்ததைக் கண்டு பதறிப்போனேன். கட்டுரையை மறந்துவிடுகிறவர்கள்கூட இத்தகைய கட்டத்தைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைப்பார்கள் என்பதால், இந்தக் கடிதத்தை உடனே எழுதுகிறேன். பதினோரு ஆண்டுகளாகப் பூனை வளர்ப்பவள் என்பதும், திராட்சையால் ஒரு பூனையை இழக்க இருந்தவள் என்பதும் தவிர, இதைச் சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஆடிப்பெருக்கு அது. திருவரங்கத்தில் அன்று எல்லா வீடுகளிலும் போலவே எங்கள் வீட்டிலும் எலுமிச்சை சாதம், புளிசாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் என்று கலந்த சாதங்கள் செய்து, அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு எடுத்துப்போய்க் காவிரியை வணங்கிவிட்டு வந்தோம். தயிர்சாதத்தில் பாலாடை கலந்து, மாதுளை முத்துகளும் இரண்டாக நறுக்கிய கறுப்புத் திராட்சையும் போட்டிருந்தது. மிச்சம் இருந்த சாதத்தில் ஒரு கரண்டியை எங்கள் பொன்னியின் தட்டில் நான்தான் வைத்தேன். விசேஷ நாளில் அவளுக்கும் ஒரு வாய் கிடைக்கட்டும் என்ற ஆசை. அவள் தட்டைப் பளபளவென்று நக்கி முடித்தாள். மாதுளை முத்துகளை மட்டும் ஓரமாக ஒதுக்கியிருந்தாள், திராட்சைத் துண்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்றிரவு இரண்டு முறை வாந்தி எடுத்தாள். விடியற்காலையில் மூன்றாவது முறை எடுத்ததில் மஞ்சள் நுரைக்கு நடுவே திராட்சைத் தோல் சுருண்டு கிடந்தது. பிறகு கட்டிலடியில் போய் முடங்கிக்கொண்டாள். தண்ணீர்க் கிண்ணத்தை முகத்தருகே வைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை, மணல் தட்டிலும் ஈரம் இல்லை. மூங்கில் கூடையில் துண்டை விரித்து அவளைக் கிடத்தி ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டுது?" என்பதுதான். நான் சொன்னதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "அம்மா, அது திராட்சையையா கேட்டுது? தயிரைத்தானே கேட்டுது?" என்றார். இரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்தார்கள், முன்னங்காலில் ஊசி குத்தி இரண்டு நாள் சலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் மணல் தட்டில் ஈரத்தைப் பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. திராட்சைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும், ஆனால் திராட்சை உண்ட விலங்கை இப்படித்தான் பார்த்தாக வேண்டும் என்றும் அந்த மருத்துவர் நேர்மையாகவே சொன்னார்.

தயிரைத்தானே கேட்டது என்ற அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன் பிறகுதான் பூனையின் உடம்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் 2005-இல் இதன் காரணத்தைக் கண்டறிந்தார்கள்: நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியை உருவாக்கத் தேவையான இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனைக்குச் சிதைந்து செயலிழந்து கிடக்கிறது. புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் அப்படியே. ஆகவே, நாம் தேர்ந்து தேர்ந்து வாங்கும் இமாம்பசந்தின் இனிப்பு அதற்கு இல்லாத ஒன்று. பழத்தின் மணத்தாலோ, குளிர்ச்சியாலோ, நம் கையிலிருந்து கிடைக்கிறது என்பதாலோதான் அது வாய்வைக்கிறது. பாயசத்தையும் பஞ்சாமிர்தத்தையும் அது நக்குவது பெரும்பாலும் அவற்றிலுள்ள பாலுக்கும் நெய்க்கும்தான்.

பழத்திலுள்ள சத்துகள் அதற்கு வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டவள்தான். நமக்குப் பழம் தரும் வைட்டமின் சியைப் பூனையின் கல்லீரல் தானே தயாரித்துக்கொள்கிறது. மாம்பழத்திலும் பப்பாளியிலும் உள்ள மஞ்சள் நிறச்சத்தான பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பூனையின் உடலால் அது இயலாது. அதற்கு வேண்டிய வைட்டமின் ஏ ஈரலிலிருந்தும் மீனிலிருந்தும் முட்டையிலிருந்தும் நேரடியாகக் கிடைத்தாக வேண்டும். டாரின் என்னும் சத்தும் அப்படிப்பட்டதே. போதிய அளவு டாரின் கிடைக்காத பூனைகளுக்கு விழித்திரை சிதைந்து பார்வை போகும் என்பது 1975-இலேயே அறியப்பட்டது. இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய்க்கும் அதே குறைபாடு காரணம் என்பதையும், டாரின் கொடுத்தால் அந்த இதயம் தேறும் என்பதையும் 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நிறுவினார்கள். எந்தப் பழத்திலும் பூனைக்குப் போதுமான டாரின் கிடையாது.

இங்கேதான் என் போன்ற சைவ உணவு வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். எங்கள் வீட்டில் புலால் சமைக்கும் வழக்கம் இல்லை. பொன்னி வந்த முதல் இரண்டு ஆண்டுகள் அவளுக்குப் பால்சோறு, தயிர்சோறு, அவ்வப்போது மசித்த வாழைப்பழம் என்றே போட்டு, எலி பிடித்துத் தின்பதையும் தடுத்து, அவளையும் எங்களோடு சைவமாக்கிவிட்டதாகப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமையின் விலையை மங்கிய மயிரிலும் மெலிந்த முதுகிலும் அவள் உடம்புதான் கொடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது, அடிக்கடி வயிறு போவதைச் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூனை இறைச்சி உண்டே வாழ வேண்டிய பிராணி. நம் ஆசாரத்தை அதன் தட்டில் வைத்தால் அது மெல்லப் பட்டினி கிடக்கிறது என்றே பொருள். சமையலறையில் புலாலைக் கையாள மனம் ஒப்பாதவர்கள், டாரின் முதலிய சத்துகள் முழுமையாகச் சேர்க்கப்பட்ட பூனை உணவை உறையிலிருந்து நேரே தட்டில் வைக்கலாம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். இது உறுதியான பிறகு, ஆசைக்கு ஒரு துண்டு பழம் என்பது வேறு பேச்சு.

இனி, கொடுக்கவே கூடாதவற்றுக்கு வருகிறேன். முதலில் திராட்சை. கறுப்போ பச்சையோ, விதையுள்ளதோ இல்லாததோ, காய்ந்ததோ பச்சையாக இருப்பதோ, எதுவும் வேண்டாம். நாய்களுக்கு இதனால் சிறுநீரகம் செயலிழப்பது நன்கு பதிவான உண்மை. பூனைகளில் அந்த அளவுக்கு விரிவான பதிவுகள் இல்லை என்றாலும், இவ்வளவு கொடுத்தால் தீங்கில்லை என்று யாரும் ஓர் அளவைச் சொல்ல முடியாத பொருளைச் சின்னஞ்சிறு சிறுநீரகங்கள் கொண்ட ஒரு பிராணியிடம் சோதித்துப் பார்க்கலாகாது. திராட்சையிலுள்ள நஞ்சு எது என்பது வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது. குழந்தைகள் உருவம் செய்து விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற நாய் ஒன்றுக்குத் திராட்சை தின்ற நாயைப் போலவே சிறுநீரகம் கெட்டதைக் கவனித்த அமெரிக்க நச்சுத் தகவல் மையத்தின் கால்நடை மருத்துவர்கள், அந்த மாவிலும் திராட்சையிலும் பொதுவாக இருக்கும் டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2021-இல் எழுதினார்கள். நம் புளியின் புளிப்புக்கும் அதே அமிலம்தான் காரணம், புளியைத் தின்ற நாய்களிலும் அதே சேதம் பதிவாகியிருக்கிறது. எனவே புளியோதரையையும் புளிக்குழம்புச் சோற்றையும் விலக்குவதே நல்லது. சர்க்கரைப் பொங்கல், கேசரி, பாயசம் ஆகியவற்றில் நெய்யில் பொரித்துப் போடும் உலர்திராட்சையை நாம் பழமாகவே நினைப்பதில்லை. தண்ணீர் வற்றிய திராட்சை அது என்பதால், பச்சைத் திராட்சையில் உள்ளது எல்லாம் அதில் செறிந்தே இருக்கும்.

அடுத்தது எலுமிச்சை, நார்த்தை, சாத்துக்குடி, ஆரஞ்சு வகை. இவற்றின் தோலிலும் இலையிலும் கொட்டையிலும் உள்ள லிமோனீன், லினலூல் போன்ற மண எண்ணெய்களும் சோராலென் என்னும் பொருளும் பூனைக்கு ஆகாதவை. வாயில் எச்சில் வடிதல், வாந்தி, தள்ளாட்டம் என்று தொடங்கும். பல வேதிப்பொருள்களை முறித்து வெளியேற்றும் ஒரு நொதிவகை பூனையின் கல்லீரலில் சரிவரச் செயல்படாததே, மண எண்ணெய்களின் முன் அது இவ்வளவு எளிதில் தோற்றுப்போவதற்குக் காரணம். காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடுவதும் இதே குறைபாட்டால்தான். உண்ணி போக வேண்டும் என்று ஆரஞ்சுத் தோல் ஊறிய தண்ணீரில் பூனையைக் குளிப்பாட்டும் கைவைத்தியத்தை யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பூசிய எண்ணெயை அது நக்கியே தீரும்.

ஆப்பிள், பிளம்ஸ், பீச், செர்ரி ஆகியவற்றின் விதைகளை மென்றால் சயனைடு வெளிப்படும். சதையில் அந்தக் கேடு இல்லை, விதையையும் நடுத்தண்டையும் நீக்காமல் கொடுக்கக் கூடாது, அவ்வளவே. சீத்தாப்பழத்தின் விதை இன்னும் மோசம். பேனுக்கு அரைத்துப் பூசும்போது கண்ணில் பட்டுப் புண்ணானவர்களை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். சப்போட்டா விதையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்: வழவழவென்று கறுப்பாக, தட்டையாக, ஒரு நுனியில் சிறு கொக்கி. மனிதர் தொண்டையிலேயே சிக்கக்கூடிய அது பூனையின் தொண்டைக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டர் ஃபுரூட் எனப்படும் வெண்ணெய்ப் பழமும் வேண்டாம், அதிலுள்ள பெர்சின் பறவைகளுக்கும் ஆட்டுக்கும் குதிரைக்கும் கொடிய நஞ்சு. பூனை அதை ஓரளவு தாங்கும் என்றாலும், அந்தக் கொழுப்பும் அதற்கு வேண்டாதது.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? முலாம்பழம், கொட்டை நீக்கிய தர்பூசணி, தோலும் விதையும் போக்கிய ஆப்பிள், கனிந்த பப்பாளியின் சதை, மாம்பழச் சதை, வாழைப்பழம் ஆகியவை நல்ல உடல்நலத்தோடு இருக்கும் வளர்ந்த பூனைக்குச் சிறிதளவில் தீங்கு செய்யாதவை. முலாம்பழத்தின் மணத்துக்குப் பல பூனைகள் ஓடிவரும். பொன்னியும் அதை வெட்டும் சத்தம் கேட்டாலே அரிவாள்மணை அருகில் வந்து உட்கார்ந்துவிடுவாள். மாம்பழத்தைப் பொறுத்தமட்டில் தோலை நன்றாகச் சீவி, கொட்டையைப் பூனைக்கு எட்டாத இடத்தில் போட வேண்டும். நார் சுற்றிய கொட்டையை உருட்டி விளையாடவிட்டு, நார் குடலில் சிக்கியதும் வருந்திப் பயனில்லை. கால்சியம் கார்பைடு வைத்து மாம்பழத்தைப் பழுக்க வைப்பதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடைசெய்திருந்தும் அவ்வப்போது அதிகாரிகள் சோதனையில் பறிமுதல் செய்வதைத் தங்கள் நாளிதழிலேயே படிக்கிறோம். ஆகையால் எந்தப் பழமானாலும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகே நறுக்குவது நமக்கும் நல்லது.

அளவைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். நாலு கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவையானது ஏறத்தாழ 200 முதல் 250 கலோரிதான். முதன்மை உணவு தவிர்த்த தின்பண்டம் எல்லாம் சேர்ந்தும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 90 கலோரி இருப்பதால், 25 கிராம் வாழைப்பழத்தோடு அந்த நாளின் பங்கு தீர்ந்துவிடும். நமக்குப் பாதிப் பழம், அதற்கு ஒரு நாளின் தின்பண்டம் மொத்தமும். நான் பொன்னிக்குக் கொடுப்பது சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒன்றிரண்டு துண்டு, அதுவும் வாரத்தில் இரண்டு நாளைக்கு மேல் இல்லை. புதிய பழம் என்றால் ஒரே ஒரு துண்டு கொடுத்துவிட்டு மறுநாள் வரை வயிற்றைப் பார்க்க வேண்டும். முகர்ந்துவிட்டுத் திரும்பினால் விட்டுவிட வேண்டும், வாயைத் திறந்து ஊட்டுவது அன்பாகாது. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, உடல் பருமன் உள்ள பூனைகளுக்கும் குட்டிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் பழம் வேண்டவே வேண்டாம். உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்த் துண்டு, சர்க்கரை சேர்த்த பழச்சாறு, டப்பாவில் அடைத்த பாகுப்பழம், கஸ்டர்டு ஊற்றிய பழக்கலவை ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கட்டுரையாளர் பழத்தைப் பரிந்துரைத்ததன் நோக்கம் கோடையில் உடல் வறளாமல் காப்பது. அது நல்ல நோக்கம்தான், ஆனால் அதற்குச் சிறந்த வழி வேறு இருக்கிறது. பாலைநிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த நம் வீட்டுப் பூனை, தான் தின்னும் இரையின் ஈரத்தைக் கொண்டே பெரும்பாலும் சமாளிக்கும் பழக்கமுடையது. தாகம் எடுத்துத் தானே வந்து குடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே வீட்டில் மூன்று நான்கு இடங்களில், உணவுத் தட்டிலிருந்து தள்ளி, அகலமான கிண்ணங்களில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்ற வேண்டும். உலர் உணவு மட்டும் போடுபவர்கள் கோடையிலாவது ஈர உணவைச் சேர்க்கலாம். அசைவம் சமைக்கும் வீடுகளில் உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் கோழியையோ மீனையோ வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து ஊற்றலாம். அதில் வெங்காயமும் பூண்டும் விழுந்திருக்கவே கூடாது. பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போனாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கும். நாலு கிலோ பூனைக்கு அது இரண்டு மூன்று சின்ன வெங்காயம்தான்.

தவறுதலாகத் திராட்சையையோ விதையையோ தின்றுவிட்டால் அறிகுறிகள் தோன்றட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நான் அந்த இரவைக் காத்திருந்தே கழித்தேன், இன்றுவரை அதை நினைத்து வருந்துகிறேன். உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கவைப்பது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். பூனைக்கு அந்த உப்பே நஞ்சாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆகாது, இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, வாந்தியில் ஏதேனும் கிடந்தால் அதையும் ஒரு உறையில் போட்டு, நேரே மருத்துவரிடம் போக வேண்டும். 1903-இல் தொடங்கப்பட்டு வேப்பேரியில் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிறு பிராணிகளுக்குச் சிகிச்சை அளிக்கிறார்கள். அங்கே மாட்டைத்தான் பார்ப்பார்கள் என்று பூனையை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் நான் வேண்டுவது இரண்டு. ஞாயிறு இணைப்பில் வெளிவந்த பட்டியலுக்கு, திராட்சையையும் ஆரஞ்சையும் நீக்கிய திருத்தம் ஒன்றை அதே இணைப்பில், அதே மூலையில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். பட்டியலைப் பார்த்தவர்கள் கண்ணில் அது பட வேண்டும் அல்லவா? இரண்டாவதாக, இனிமேல் இத்தகைய குறிப்புகளைச் செல்லப்பிராணிகள் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்காமல், நாய்க்குத் தனியாகவும் பூனைக்குத் தனியாகவும், கால்நடை மருத்துவர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு அச்சிட வேண்டும். நாய் பலதும் உண்டு செரிக்கும், பூனை அப்படிப்பட்டதன்று. வெளிநாட்டுப் பட்டியல்களை மொழிபெயர்த்து வெளியிடும்போது நம் தயிர்சாதத்துத் திராட்சையும் பாயசத்து உலர்திராட்சையும் புளிசாதமும் அவற்றில் இருக்காது. ஆடிப்பெருக்கு வருவதற்குள் அவற்றையும் சேர்த்து ஒரு குறிப்பு வெளியிட்டால், இன்னொரு வீட்டின் கட்டிலடியில் ஒரு பூனை அப்படி முடங்கிக் கிடக்க நேராது.

தங்கள் உண்மையுள்ள,
பூனை வளர்க்கும் வாசகி ஒருவர்,
திருவரங்கம்.